மாமா வாயில் ஒட்டிய மெட்டு

மூன்று டீ கிளாஸ்களை ஒரே கையில் கோத்துப் பிடித்துக்கொண்டு, காலால் கதவைத் தள்ளி, வாய்க்குள் ஏதோ முனகியபடி மாமா அறைக்குள் வந்தார். கிளாஸ்களைப் பியானோ மேல் வைக்கப் போனபோது, எதிரே உட்கார்ந்திருந்த கிளாரினெட் அம்மாவின் முகம் வெளுத்துப்போவதைக் கவனித்தார்.

"அதை எங்க கேட்டீங்க?"

"டீயா? கேன்டீன்லங்க. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்."

"டீ இல்ல. இப்ப முனகிக்கிட்டு வந்தீங்களே, அது."

மாமா திருதிருவென்று விழித்தார். தான் முனகினது அவருக்கே தெரியாது. காதில் எது விழுந்தாலும் அரை நாளைக்கு அது அவர் வாயில் ஒட்டிக்கொள்ளும். சோப்பு விளம்பரம், லிஃப்ட் மணி, பக்கத்து வீட்டு அழைப்புமணி, எதற்கும் பாரபட்சம் கிடையாது. "வாய்க்கு ஒரு மூடி போடுங்க" என்று அவர் மனைவி தினமும் சொல்வாள். அந்த மனைவியின் தங்கைதான் இப்போது ஜன்னலோரம் கைகட்டி நின்றுகொண்டிருந்த துப்பறிவாளர். சின்ன வயதிலிருந்தே துருவித் துருவிக் கேள்வி கேட்பாள் என்பதால் வீட்டில் அவளுக்குத் துருவி என்று பெயர். வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீஸை இழுத்து மூடியதும் மாமா மச்சினியிடமே உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். வயதில் அவர் மூத்தவர், அதிகாரத்தில் அவள். மரியாதைக்கு மட்டும் குறைவு வைக்கமாட்டாள்.

"மாமா, நீங்க கொஞ்சம் அப்படியே நில்லுங்க" என்றாள் துருவி. "அக்கா, அது என்னது?"

"என் கேடன்சா" என்றார் கிளாரினெட் அம்மா.

"நான் எதையும் எடுக்கலைங்க" என்றார் மாமா அவசரமாக. காலையிலிருந்து இந்தக் கட்டடத்தில் திருட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் அவருக்கும் குற்ற உணர்ச்சி தொற்றிவிட்டது.

களவு போனது ஒரு மவுத்பீஸ். கிளாரினெட்டின் தலையில் செருகி வாயில் வைத்து ஊதும் கறுப்புத் துண்டு. கடையில் கிடைக்காத பொருள் இல்லை. ஆனால் படிக்கிற காலத்திலிருந்து இந்த அம்மா ஊதியது அந்த ஒன்றில்தான். அவருடைய மேல்பல் பட்டுப் பட்டு அதில் ஒரு குழியே விழுந்திருந்தது. மாற்று ஒன்று பையில் இருந்தது. அதில் ஊதிப் பார்த்துவிட்டு அவர் கண் கலங்கினதைப் பார்த்து மாமாதான், "பக்கத்து வீட்டுக்காரர் பல்செட்டைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியுமா?" என்று ஆறுதல் சொன்னார்.

இன்று சாயங்காலம் கச்சேரி. ஒரு தனி வாத்தியமும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற உருப்படிகளில் பெரியவை உண்டு, சின்னவை உண்டு. பெரியவற்றுக்கு விமானத்தில் விருந்தாளி வருவார். பன்னிரண்டு நிமிஷத்துச் சின்ன உருப்படிக்கு எந்த விருந்தாளி வரப்போகிறார்? அதைக் குழுவிலேயே ஒருவருக்குக் கொடுப்பார்கள். அன்றைக்கு ஒரு நாள் அவர் நடு வரிசையிலிருந்து எழுந்து முன்னால் வந்து நிற்பார், வாசிப்பார், மறுநாள் மறுபடி தன் நாற்காலிக்குப் போய்விடுவார். பதினாறு வருஷம் நடு வரிசையில் உட்கார்ந்த பிறகு இந்த அம்மாவுக்கு அந்த ஒரு நாள் இன்றைக்கு வாய்த்திருந்தது. காலை ஒத்திகையின் இடைவேளையில் மவுத்பீஸ் காணாமல் போனது. போலீஸுக்குச் சொன்னால் வாக்குமூலம் எழுதி முடிப்பதற்குள் கச்சேரியே முடிந்துவிடும் என்று துருவிக்குப் போன் செய்தார். இப்போது மதியச் சாப்பாட்டு நேரம்.

"கேடன்சான்னா என்னங்க?" என்றார் மாமா.

"குழு மொத்தமும் வாசிக்கிறதை நிறுத்திட்டுச் சும்மா உக்காந்திருக்கும். நான் மட்டும் தனியா, என் இஷ்டத்துக்கு வாசிக்கிற இடம். நானே எழுதினது."

"எங்க வீட்ல அது தினமும் நடக்கும். நாங்க மொத்தப் பேரும் சும்மா இருப்போம், இவ அக்கா மட்டும்."

துருவி அவரைப் பார்த்த பார்வையில் மாமா டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

"குழுவுல எல்லாரும் அதைக் கேட்டிருப்பாங்களே அக்கா, ஒத்திகையில?"

"அதுதான் இல்ல. ஒத்திகையில கேடன்சாவை யாரும் வாசிக்கிறதில்ல. அறுபது பேரைச் சும்மா உக்கார வச்சு எதுக்கு? அந்த இடம் வந்ததும் இசை நடத்துநர் 'சரி, முடிவுக்கு வாங்க'ன்னுவார். நான் கடைசி ஸ்வரத்தை மட்டும் நடுக்கிக் காட்டுவேன், குழு சேர்ந்துக்கும். சாயங்காலம்தான் எல்லாருக்கும் அது புதுசு." அவர் விரல்கள் மடியில் கிடந்த வெறுங்கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தன. "இன்னிக்கு இடைவேளையிலதான் இந்தக் கட்டடத்துல முதல் தடவையா அதை வாசிச்சேன். இந்த அறையில, கதவைச் சாத்திக்கிட்டு, மெதுவா, திரும்பத் திரும்ப. அப்புறம் மவுத்பீஸைக் கழட்டி இந்தக் கைக்குட்டை மேல காய வச்சிட்டு நடத்துநர் ரூமுக்குப் போனேன். திரும்பி வந்தா கைக்குட்டை மட்டும்தான் இருந்தது."

"வீட்ல வாசிச்சிருப்பீங்க."

"வீட்டுக்காரரும் மாமியாரும் கேட்டிருக்காங்க. அவங்க இங்க வரப்போறது சாயங்காலம்தான்."

துருவி மேஜை விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். "அப்ப இந்த மெட்டு இந்தக் கட்டடத்துல ஒருத்தர் வாயிலேர்ந்து கிளம்புதுன்னா, அவர் இடைவேளையில இந்தக் கதவுக்கு வெளியே நின்னவர். மாமா, இதை யார்கிட்டருந்து பிடிச்சீங்க?"

"சளி பிடிச்ச மாதிரி கேக்கறியே."

"அதேதான். முதல்ல தும்மினது யாருன்னு கண்டுபிடிக்கணும்."

கிளாரினெட் அம்மா எழுந்து வந்து, "இன்னொரு தரம் முனகுங்க" என்றார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு முனகினார். அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டார். "நடை என்னோடதுதான். நிக்கிற இடம், ஓடுற இடம் எல்லாம் அப்படியே. ஆனா ஸ்வரம் தப்பு. என்னோடது மேல போகும், இது கீழயே போகுது."

"எனக்கு அமைஞ்ச குரல் அவ்வளவுதாங்க" என்றார் மாமா. கொஞ்சம் புண்பட்டுவிட்டார்.

அந்த நேரம் கதவு திறந்து ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இரண்டாவது கிளாரினெட் வாசிப்பவர். குழுவில் எல்லாரும் அவரை ரெண்டாமவர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒத்திகை முடிந்ததும் டார்ச்சும் கையுமாகப் பியானோவுக்கு அடியில் தவழ்ந்தவர் இவர்தான். பேன்ட் முழங்கால் இரண்டும் தூசி படிந்து வெளுத்திருந்தன.

"மேடை அடியிலயும் பார்த்துட்டேன், இல்ல. நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"வேண்டாம் சார்."

"வெறும் வயித்துல ஊத முடியாது" என்று சொல்லிவிட்டு அவர் போனார். நல்ல மனுஷன் என்று மாமா நினைத்துக்கொண்டார்.

துருவி மாமாவை வெளியே தள்ளிக்கொண்டு போனாள். காலி கிளாஸ்களையும் கையில் கொடுத்தாள். "இப்ப எப்படிப் போனீங்களோ அப்படியே போங்க. எங்க முனக ஆரம்பிச்சீங்கன்னு ஞாபகம் வரும்."

"என்னையே துப்பறியறியா? உங்கக்கா மட்டும்தான் இத்தனை நாளா அதைச் செஞ்சா."

தாழ்வாரம் நெடுக வாத்தியப் பெட்டிகள் சவப்பெட்டி போல் திறந்து கிடந்தன. கதவுக்குக் கதவு ஒருவர் வேறு வேறு வரியை வாசித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சேர்ந்து மாமாவின் தலைக்குள் சந்தை கூடிவிட்டது. படி இறங்கும்போது அவர் நின்றார். "போகும்போது இது இல்ல. போகும்போது பஸ்ல கேட்ட பிஸ்கட் விளம்பரம். இந்த இடத்துல ஒரு வயலின்காரர் என்னை ஒரு மாதிரி முறைச்சார்."

"பிஸ்கட்டுக்கு நன்றி. அப்ப கேன்டீன்தான். வேகமா நடங்க."

கேன்டீனில் மேஜைகள் நிறைந்திருந்தன. கல்லாவுக்குப் பின்னால் கேன்டீன் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவினார். துருவி கையைத் தூக்கி மாமாவை நிறுத்தினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே கேட்டது. அதே நடை. அதே நிற்கிற இடம், அதே ஓடுகிற இடம்.

"அண்ணே, நல்லாயிருக்கே, என்ன பாட்டு?"

அவர் வெட்கப்பட்டார். "யாருக்குத் தெரியும்? இங்க ஆளுக்கு ஒண்ணு முனகுவாங்க. இது அந்தப் புல்லாங்குழல் அம்மாகிட்டருந்து. ஒத்திகை முடிஞ்சதும் முதல் ஆளா வந்து, பால் இல்லாத டீக்கு நிப்பாங்க. கொதிக்கிற வரைக்கும் இதேதான். கல்லாவுல விரலால தாளம் வேற."

"இதே மாதிரியா, கீழ போற மாதிரி?"

"கீழயோ மேலயோ, இதேதாங்க."

வெளியே வந்ததும் மாமா உள்ளங்கைகளைத் தேய்த்தார். "ஆள் கிடைச்சாச்சு. புல்லாங்குழலைப் பிடி."

பிடிக்கப் போன வழியில் அவர்களைப் பிடித்துக்கொண்டவர் இசை நடத்துநர். ஒல்லியான மனிதர். நின்ற இடத்தில் நிற்கமாட்டார், பேசும்போதும் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பார். "கிடைச்சுதா இல்லையா? சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் மேடையில அறிவிச்சுடப் போறேன். கிளாரினெட் உருப்படி இல்ல. அதுக்குப் பதிலா புல்லாங்குழல்ல சின்னதா ஒண்ணு, போன வருஷம் வாசிச்சது, கையோட இருக்கு."

"மாத்து மவுத்பீஸ்ல வாசிக்கச் சொல்லலாமே சார்."

"வாசிச்சு? வெளியூர்லேர்ந்து பெரிய குழுவோட ஆளுங்க இந்தம்மாவைக் கேக்கறதுக்குன்னே வராங்க. அவங்க முன்னாடி தடுமாறினா இந்தம்மாவுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். பன்னிரண்டு நிமிஷம்தானே? எடுத்துட்டா யாருக்கும் தெரியப்போறதில்ல."

அவர் போன பிறகும் மாமாவுக்கு அந்த வார்த்தை காதில் குடைந்தது. யாருக்கும் தெரியாதாம். மேலே அந்த அறையில் ஒருத்தி வெறுங்கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு? இவ்வளவு நேரம் வேடிக்கையாக இருந்தது, இப்போது மாமாவுக்கு உள்ளுக்குள் கோபம் வந்துவிட்டது. "விசில் இல்லாத கண்டக்டர்" என்று முணுமுணுத்துவிட்டு வேகமாக நடந்தார்.

மேடையில் நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒரே ஒருவர் மட்டும் நடுப்பகுதியில் உட்கார்ந்து புல்லாங்குழலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உயரமான பெண், மூக்குக் கண்ணாடி. துடைத்துக்கொண்டே முனகினார். அதே மெட்டு. மாமாவுக்கு இனி பொறுமை இல்லை.

"மேடம், அந்த மெட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எந்த மெட்டு?"

"இப்ப முனகினீங்களே. அது கிளாரினெட் அம்மாவோட கேடன்சா. கதவுக்கு வெளியே நின்னு கேட்டவங்களுக்குத்தான் தெரியும். அந்த உருப்படி போச்சுன்னா பதிலுக்கு உங்க உருப்படி. கணக்கு நேரா வருதே."

புல்லாங்குழல்காரர் எழுந்தார். கோபத்தில் கண்ணாடியைக் கழற்றினார். மாமா ஓரடி பின்வாங்கினார். "எனக்கு இன்னிக்குத் தனியா வாசிக்கவே விருப்பமில்ல. என் தங்கச்சி பொண்ணுக்குப் பிறந்தநாள், அங்க தலையைக் காட்டிட்டு, கடைசியா குழு மொத்தமும் வாசிக்கிற சிம்பொனிக்கு மட்டும்தான் வரணும்னு இருக்கேன். பையைப் பாக்கணுமா? பாருங்க." பையைத் தலைகீழாகக் கொட்டினார். சீப்பு, சாவிக்கொத்து, பரிசுக் காகிதம் சுற்றிய பொம்மை. மவுத்பீஸ் இல்லை.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் துருவி. "மாமா, இவங்களா இருக்க முடியாது. இடைவேளை ஆரம்பிச்சதிலிருந்து இவங்க நடத்துநர் ரூம்லதான் இருந்தாங்க. கிளாரினெட் அக்கா போனப்பவும் அங்கயே இருந்தாங்க. அக்கா முதல்லயே சொல்லிட்டாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க."

இந்த வழக்கில் டீயால் வந்த நஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை.

"அப்ப இது உங்க வாய்க்கு எப்படி வந்தது மேடம்? யோசிச்சுப் பாருங்க" என்றாள் துருவி.

"தெரியல. இடைவேளை முடிஞ்சு சிம்பொனி ஒத்திகை நடந்தது. நடுவுல எங்களுக்கு வேலை இல்லாத இடம் நிறைய. அப்பதான் எங்கிருந்தோ காதுல விழுந்தது."

"ஒருவேளை கேட்டதைத் தப்பா முனகறீங்களோ?"

"நானா?" அவர் துருவியை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு தரம் கேட்டா ஸ்வரம் மாறாம திருப்பிச் சொல்லுவேன். அதுதான் எனக்குச் சோறு போடுது."

துருவி அங்கேயே நின்றுவிட்டாள். கை, காகித ஸ்டாண்டின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது, அது மட்டும் நிற்கவில்லை. மணியடித்தால் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். அப்போது அவள் சொன்னாள்:

"மாமா, நீங்க தப்பாப் பாடல."

"அதைத்தான் நான் அப்பவே..."

"கேன்டீன் அண்ணனும் கீழ. நீங்களும் கீழ. ஸ்வரம் மாறாத மேடமும் கீழ. அப்ப முதல்ல தும்மினவரே அப்படித்தான் தும்மியிருக்கார். மெட்டைத் தப்பாக் கேட்டவர் இல்ல அவர். சரியாக் கேட்டுட்டு, அதுக்குக் கீழ போற வரியைத் தானாப் போட்டவர்." அவள் புல்லாங்குழல்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து பின்பக்கம் கையை நீட்டினாள். அதற்கு நேர் பின்னால், ஒரு கை தூரத்தில், இரண்டு நாற்காலிகள். "மேடம், இது யாரோடது?"

"கிளாரினெட்டுங்க. முதல் நாற்காலி உங்க கிளாரினெட் அம்மாவோடது. இன்னிக்கு அவங்க தனி வாத்தியம், அதனால சிம்பொனிக்கு அவங்க உக்காரமாட்டாங்க. இந்த வாரம் முழுக்க அதுல ரெண்டாமவர், எப்பவும் அவங்களுக்குக் கீழ் வரி வாசிக்கிறவர்."

மாமாவுக்குத் தூசி படிந்த அந்த முழங்கால்கள் நினைவுக்கு வந்தன.

மேலே அறைக்குத் திரும்பியதும் துருவி ரெண்டாமவரை வரச் சொல்லி ஆளனுப்பினாள். அவர் கையில் பொட்டலம் கட்டிய பன்னோடு வந்தார். கிளாரினெட் அம்மாவிடம் துருவி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "அக்கா, உங்க கேடன்சாவை வாயாலயே பாடுங்க. மாமா, நீங்க கூடவே உங்களோடதைப் பாடுங்க. ஒரு சந்தேகம் தீரணும்."

கிளாரினெட் அம்மா பாடத் தொடங்கினார். சன்னமான குரல், ஆனால் பிசிறில்லை. மாமா கீழ் வரியைப் பிடித்துக்கொண்டார். அறைக்குள் ஒரு அதிசயம் நடந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டன. மேலே ஒன்று ஏறும்போது கீழே ஒன்று தாங்கிக்கொண்டு நடந்தது. கிளாரினெட் அம்மா பாடிக்கொண்டே மாமாவைத் திரும்பிப் பார்த்தார். ரெண்டாமவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசித் திருப்பம் வந்தபோது துருவி மாமாவின் காலை மிதித்தாள். அதுதான் அவர்கள் பேசி வைத்திருந்த அடையாளம். மாமா வேண்டுமென்றே தப்பான ஸ்வரத்தில் போய் நின்றார்.

"அப்படி இல்ல" என்றார் ரெண்டாமவர். சொல்லி நிறுத்தவும் முடியவில்லை அவரால். சரியான ஸ்வரத்தைப் பாடியும் காட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் தன் வாயைக் கையால் பொத்தினார்.

ரெண்டாமவர் கோட்டின் உள்பையிலிருந்து மவுத்பீஸை எடுத்தார். அதற்கு மூடி போட்டு, மெல்லிய துணியில் சுற்றி வைத்திருந்தார். அதன் மேல் ஒரு கீறல் விழக்கூடாதென்று ஒரு தாய் போல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதைப் பார்த்ததும்தான் மாமாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"நாற்காலிக்கு ஆசைப்பட்டு இவ்வளவு தூரம் போவீங்களா சார்?"

"நாற்காலியா?" ரெண்டாமவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இந்த வாரம் முழுக்க அதுலதாங்க உக்காந்திருந்தேன். நெருப்பு மேல உக்காந்த மாதிரி இருந்தது. எங்க மூச்சு எடுக்கறதுன்னே தெரியல. பதினாறு வருஷமா இவங்க தோள் அசையும், நான் மூச்சு எடுப்பேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். இவங்க அதுல உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்."

கிளாரினெட் அம்மா கையை நீட்டவில்லை. "அதுக்காக என்னை வாசிக்க விடாம பண்ணுவீங்களா?"

"வெளியூர்க்காரங்க வராங்க. ஒரு தடவை கேட்டாங்கன்னா உங்களை விடமாட்டாங்க. மத்தவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பக்கத்துல உக்காந்து கேட்டவன் நான்தானே. காலையில கதவுக்கு வெளியே நின்னு கேடன்சாவைக் கேட்டேன். போச்சு, இனிமே இவங்க இங்க இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க வெளிய போனீங்க. கை தானா உள்ள போயிடுச்சு."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருந்தா போகாம இருப்பீங்களா?"

மாமா அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இந்த இடத்தில் யாரும் ஒரு பொய் சொல்லிவிடுவார்கள், சொன்னாலும் தப்பில்லை என்றே அவருக்குத் தோன்றியது. அந்த அம்மா சொல்லவில்லை.

"இல்ல. போவேன்."

ரெண்டாமவர் தலையை ஆட்டினார். "அதான் சொல்லல."

மவுத்பீஸை வாங்கிக் கிளாரினெட் அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்த, ஊதும்போது அதிர்ந்து சத்தம் தரும் நாணல் தகடு காய்ந்து வளைந்துபோயிருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெட்டியிலிருந்து புதுத் தகடு ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊற வைத்தார். பேச வேண்டியவர் வாயில் தகடு இருந்ததால் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ரெண்டாமவருக்கு அந்த நேரம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே மணி அடித்தது. நடத்துநரின் காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் போவதும் வருவதுமாக இருந்தது.

தகட்டை வாயிலிருந்து எடுத்து மவுத்பீஸில் பொருத்தி இறுக்கிக்கொண்டே கிளாரினெட் அம்மா கேட்டார். "கடைசித் திருப்பத்துல உங்க வரி எங்க போகுது? முதல்லேர்ந்து பாடுங்க."

ரெண்டாமவர் பாடினார். குரல் நடுங்கியது, ஸ்வரம் நடுங்கவில்லை. கிளாரினெட் அம்மா விரல்களை மட்டும் குழல் மேல் ஓடவிட்டுக் கேட்டார். "இன்னொரு தரம்" என்றார். மறுபடி பாடினார்.

"சரி. இதை நான் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோங்க."

"என்னோடதை நீங்க திருப்பிக் கொடுத்துட்டீங்க. நான் இதைத் திருப்பித் தரமாட்டேன்."

கிளாரினெட் அம்மா கதவைத் திறந்து நடத்துநரிடம் மவுத்பீஸைத் தூக்கிக் காட்டினார். "எங்க இருந்தது?" என்று கேட்டார் நடத்துநர். கேள்வி துருவியைப் பார்த்து வந்தது. "பத்திரமா இருந்தது சார்" என்றாள் அவள். அதற்கு மேல் துருவ அவருக்கு நேரமில்லை.

சாயங்காலம் மேடையோரத் திரைக்குப் பின்னால் துருவியும் மாமாவும் நின்றார்கள். கிளாரினெட் அம்மா முன்னால் நின்றார். குழுவின் நடுவில் ரெண்டாமவர் முதல் நாற்காலியில் இருந்தார். அந்த உருப்படியில் வேறு கிளாரினெட்டுக்கு வேலையில்லை. மடியில் குழலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கேடன்சா வந்தது. குழு மொத்தமும் நிறுத்தியது. மேலே போகிற வரி முதலில் வந்தது, மாமாவுக்கே அது யாரோ தெரிந்தவர்போல் இருந்தது. அது முடிந்ததும், முடிந்துவிட்டதென்று எல்லாரும் நினைத்த இடத்தில், அந்த அம்மா குழலின் அடியாழத்துக்கு இறங்கினார். கீழ் வரி. துணை எதுவும் இல்லாமல் அது தனியாக நடந்தது. ஆரம்பத்திலிருந்தே அதுதான் மெட்டு, இத்தனை நேரம் கேட்டதுதான் அதற்குத் துணை என்பதுபோல் ஆகிவிட்டது.

வெளியூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாமா அவர்களைப் பார்க்கவில்லை. ரெண்டாமவரின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் அந்த அம்மா மூச்சு எடுத்த ஒவ்வொரு இடத்திலும் அதுவும் ஏறி இறங்கியது. தன்னுடைய வரியைத் தன்னைவிட நன்றாக இன்னொருவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு, அது தன்னை விட்டுப் போவதையும் தெரிந்துகொண்டு அந்த மனுஷர் உட்கார்ந்திருந்தார். கடைசி ஸ்வரம் நடுங்கியது, குழு சேர்ந்துகொண்டது, கைதட்டல் கூரையைத் தொட்டது.

இடைவேளை முடிந்து சிம்பொனிக்காக வாத்தியக்காரர்கள் திரையோரம் கூடினார்கள். துணைக்கு வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பெண், இன்றைக்கு இரண்டாவது நாற்காலியில் உட்காருபவள், ரெண்டாமவர் பக்கத்தில் தயங்கி நின்றாள்.

"சார், மெதுவா வர்ற பகுதியில எங்க மூச்சு எடுப்பீங்க? ஒத்திகையில எனக்குச் சரியாப் பிடிபடல."

அவர் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"என் தோளைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் மேடைக்கு நடந்தார்.